ஒடுக்கமான நிலைவாசல் வழியே பெரிய சாமான்களை வீட்டுக்குள் கொண்டுசேர்க்கும் முறை

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிபோகிறவர்கள், அறையின் சுவரை அளந்து அங்கே பீரோ நிற்குமா, கட்டில் விழுமா என்று கணக்குப் போடுகிறார்களே தவிர, அந்தப் பீரோவும் கட்டிலும் தெருவிலிருந்து அறைவரை எந்த வழியாக வரப்போகின்றன என்பதைப் பெரும்பாலும் அளப்பதில்லை. நானும் அளக்கவில்லை. தெருவாசல், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ரேழி, அதன் முடிவில் செங்குத்தாகத் திரும்பும் மாடிப்படி, மாடியில் இன்னும் ஒடுக்கமான ஒரு நிலை என்றிருந்த வீட்டுக்கு, மூன்று பேர் அமரும் சோபா ஒன்றை வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது மாடி நிலையில் சிக்கிக்கொண்டு, நண்பகலிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. ஆட்களில் மூத்தவர் ஒருவர் கடைசியில், “தள்ளாதீங்க சார், முதல்ல அதோட காலைக் கழட்டுங்க” என்றார். நான்கு போல்ட்டுகளைக் கழற்றியதும் சோபா உள்ளே போய்விட்டது. அதற்குள் நிலைக்காலில் விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்கு அது இன்றும் மனக்குறை. அன்றைக்குப் பிறகு மூன்று முறை வீடு மாறியபோதும், உறவினர்கள் வீடு மாறியபோது உடனிருந்தும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை வழியை அளப்பது. சாமானை வாங்குவதற்கு முன்பே, சாமான் ஏற்றிவரும் குட்டியானை வண்டி வந்து நிற்கப்போகும் இடத்திலிருந்து சாமான் நிற்கப்போகும் மூலைவரை ஓர் இரும்பு டேப்புடன் நடந்து, இடையிலுள்ள ஒவ்வொரு நிலையையும் திருப்பத்தையும் படியையும் தலைக்கு மேலே வரும் உத்தரத்தையும் அங்குலக் கணக்கில் ஒரே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அடிக்கணக்கில் குறிப்பதும், தச்சரோ வீட்டுக்காரரோ வாயால் சொல்லும் அளவை நம்புவதும் பின்னால் சிக்கலில்தான் கொண்டுபோய் விடும். நம் ஊரில் ‘மூன்றடிக் கதவு’ என்று சொன்னால், பெரும்பாலும் அது நிலையின் வெளிப்புற அளவு. இரண்டு பக்க நிலைக்கால்களும் மூன்று மூன்று அங்குலம் எடுத்துக்கொண்டால், நடுவே சாமான் நுழையக் கிடைப்பது 30 அங்குலம்தான். கதவு செங்குத்தாக மட்டுமே திறக்கும்படி பக்கத்தில் சுவர் இருந்தால், கதவுப்பலகையின் தடிமன் அந்த 30 அங்குலத்திலும் ஓர் அங்குலத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும். கைப்பிடியும் தாழ்ப்பாளும் துருத்திக்கொண்டிருப்பது தனிக்கணக்கு. ஆகவே நிலைக்காலுக்கும் நிலைக்காலுக்கும் இடையே ஓர் அளவும், கதவு திறந்து நிற்கும்போது மீதமுள்ள இடைவெளிக்கு ஓர் அளவும் எடுக்க வேண்டும். பழைய நிலைகள் நடுவில் வளைந்திருக்கக்கூடும் என்பதால் கீழே, நடுவே, மேலே என மூன்று இடங்களில் அளந்து அவற்றுள் சிறியதைக் கணக்கில் கொள்வது நல்லது. உயரமும் அப்படித்தான். ஏழடி நிலையில் மேல்சட்டம் போக 81 அங்குலம் மிஞ்சும். கீழே நிலைப்படி இருந்தாலோ, பழைய தரையின்மேல் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தாலோ அதிலும் குறையும்.

அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் லிஃப்டையும் இந்தத் தாளில் சேர்க்க வேண்டும். பல கட்டடங்களில் காணப்படும், 408 கிலோ என்று எழுதியிருக்கும் ஆறு பேர் லிஃப்டின் உட்புறம் வழக்கமாக 1100 மில்லிமீட்டர் அகலமும் 1000 மில்லிமீட்டர் ஆழமும் கொண்டது. அதன் வாசல் 700 மில்லிமீட்டர், அதாவது இருபத்தேழரை அங்குலம். பீரோவை நிற்கவைத்து அதில் கொண்டுபோக முடியும். ஏழடி சோபாவைக் கொண்டுபோக முடியாது. அப்படியானால் சோபாவுக்குப் படிக்கட்டுதான் வழி என்பது கடையில் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இனி சாமானின் அளவு. நீளம், அகலம், உயரம் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டு, நிலையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ளே அடங்கினால் போதும்; மூன்றாவது எவ்வளவு நீளமாக இருந்தாலும், நேர் வழியாக இருக்கும்பட்சத்தில், அது பின்னால் தொடர்ந்து வந்துவிடும். அதனால் சாமான் கடையில் எந்த நிலையில் நிற்கிறதோ அதே நிலையில் வாசலைக் கடக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. படுக்கவைத்தும், பக்கவாட்டில் சாய்த்தும், குத்திட்டு நிறுத்தியும் மூன்று விதமாக மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் தரும் அளவில் கால்களின் உயரமும் சேர்ந்தே இருக்கும் என்பதால், காலைக் கழற்ற முடியுமா, கழற்றினால் எவ்வளவு குறையும் என்பதையும் அங்கேயே குனிந்து பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேர்வாசலைவிடத் திருப்பம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. வாசலிலும் நுழைந்துவிடும், நடையிலும் வந்துவிடும், நடை திரும்புமிடத்தில் இரண்டு முனைகளும் இரண்டு சுவர்களில் முட்டி நின்றுவிடும். இதைக் கணிதக்காரர்களே ஒரு புதிராக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஓரலகு அகலமுள்ள நடையின் செங்கோணத் திருப்பத்தில் எவ்வளவு பெரிய தட்டையான சோபாவைத் திருப்ப முடியும் என்ற கேள்வியை லியோ மோசர் 1966-ல் எழுப்பினார், 1992-ல் ஜோசப் கெர்வர் தந்த வடிவத்தின் பரப்பு சுமார் 2.2195 சதுர அலகு. நமக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். இரண்டு பக்க நடைகளும் ஒரே அகலமாக இருந்தால் ஓர் எளிய கணக்குப் போதும். நடையின் அகலத்தை 1.4 ஆல் பெருக்கி, அதிலிருந்து சாமானின் தடிமனைக் கழித்து, மிஞ்சியதை இரட்டித்தால் வருவதுதான் அந்தத் திருப்பத்தில் திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம். நடை 36 அங்குலம், பீரோவின் ஆழம் 19 அங்குலம் என்றால் கிடைப்பது ஏறக்குறைய 63 அங்குலம். பீரோவின் உயரமோ 78 அங்குலம். ஆகவே அதைக் கிடையாக ஏந்தி வந்தால் எத்தனை பேர் முயன்றாலும் திரும்பாது. அதையே நிமிர்த்தி நிறுத்தினால், தரையில் அது பிடிக்கும் இடம் 36க்கு 19 மட்டுமே என்பதால், எளிதாகத் திரும்பிவிடும். தட்டையான புதிரில் இல்லாத ஒரு வசதி, அதாவது மேல்நோக்கித் தூக்குவது, நமக்கு இருக்கிறது. திருப்பத்தில் சிக்கிய சாமான்கள் பலவும் விடுபட்டது இந்த வசதியால்தான்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. செய்தித்தாள்களை ஒட்டி, சாமான் தரையில் பிடிக்கும் இடத்தின் அளவுக்குச் சரியாக வெட்டி, அந்தத் தாளை மடங்காமல் நடையில் நகர்த்தித் திருப்பிப் பார்க்கலாம். தாள் சுவரில் ஏறி மடங்குகிற இடத்தில் சாமானும் முட்டும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனைக்கு நிகரானதை நான் இன்னும் பார்க்கவில்லை.

அளவு அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று உதைக்கும்போது முதலில் கழற்ற வேண்டியது கதவு. கதவின் அடியில் மரத்துண்டு ஒன்றை ஆப்பாகச் செருகி எடையைத் தாங்கவைத்துவிட்டு, கீழ்க்கீலிலிருந்து தொடங்கி மேற்கீலைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். மேற்கீலை முதலில் கழற்றினால் கதவு சாய்ந்து கீழ்க்கீலைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது மேற்கீல்தான் முதலில். பெயின்ட் அடைத்துக்கொண்ட திருகாணியின் காடியை ஓர் ஆணியால் சுரண்டிச் சுத்தம் செய்து, ஸ்க்ரூடிரைவரை அதில் பொருத்தி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினால் தலை சிதையாமல் கழலும். கழற்றிய திருகாணிகளை ஒரு சிறு டப்பாவில் போட்டு, எந்தக் கதவுக்குரியது என்று எழுதிவைக்க வேண்டும். ஆனால் பழைய வீடுகளில் கீல் இல்லாமல் குடுமியில், அதாவது கதவின் மேலும் கீழும் நீண்டு குழியில் அமரும் முளையில், சுழலும் கதவுகள் இருக்கும்; கனத்த தேக்குக் கதவான அதை ஆசாரி இல்லாமல் தூக்கக் கூடாது. பெரும்பாலும் அவை இரட்டைக் கதவுகள் என்பதால், இரண்டையும் முழுவதும் திறந்துவைத்தாலே நல்ல இடைவெளி கிடைத்துவிடும்.

சோபாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதிகம் சிக்குவது அதுதான். 84 அங்குல நீளம், 36 அங்குல ஆழம், 33 அங்குல உயரம் கொண்ட சோபாவை 30 அங்குல நிலைக்குள் எடுத்துச்செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆழமும் நுழையாது, உயரமும் நுழையாது. மெத்தைகளையும் திண்டுகளையும் எடுத்துவிட்டு, அடியிலுள்ள நான்கங்குலக் கால்களைக் கழற்றினால் உயரம் 29 ஆகிறது. இப்போது சோபாவை அதன் முதுகின்மீது கிடத்தினால், 36 அங்குல ஆழம் மேல்கீழாகவும் 29 அங்குலம் பக்கவாட்டிலும் அமையும். கதவைக் கழற்றியிருந்தால், இரு பக்கமும் அரையரை அங்குல இடைவெளியுடன் அது நீளவாக்கில் உள்ளே போய்விடும். அந்த அரை அங்குலத்தில் விரல் நசுங்கும் என்பதால், நிலையைக் கடக்கும்போது பக்கங்களில் யாரும் கை வைக்கக் கூடாது. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, அடியில் பழைய போர்வை ஒன்றை விரித்து அதன்மேல் வழுக்கிக்கொண்டே கொண்டுபோக வேண்டும். நிலைப்படி இருந்தால் அதன்மேல் மடித்த சாக்கைப் போட்டுவிட வேண்டும். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடும் படியில் சோபாவின் எடை உரசுவதை எந்த வீட்டிலும் விரும்பமாட்டார்கள்.

காலைக் கழற்றியும் போதவில்லை என்றால், சோபாவின் வடிவத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதுகும் இருக்கையும் சேர்ந்து ஒரு மடியைப் போல இருக்கின்றன அல்லவா? சோபாவைக் குத்திட்டு நிறுத்தி, முதுகுப் பக்கத்தை முதலில் வாசலுக்குள் விட்டு, நிலைக்கால் அந்த மடிக்குள் வந்து அமரும்படி மெல்லச் சுழற்றினால், நேராக நுழையாத சோபா வளைந்து நுழைந்துவிடும். இதற்கு முதுகின் மேல்விளிம்பிலிருந்து கையின் முன்நுனிவரை ஒரு நேரான குச்சியை வைத்து, முதுகின் கீழ்மூலையிலிருந்து அந்தக் குச்சிக்குச் செங்குத்தாக அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவு நிலையின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் குத்திட்டு நிறுத்துவதற்கு நிலையின் உயரம் சோபாவின் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு பேர் அமரும் 60 அங்குல சோபாவுக்கு இந்த வழி பொருந்தும். 84 அங்குல சோபாவுக்கு ஏழடி நிலை போதாது.

இரும்பு பீரோவில் சிக்கல் வேறு விதமானது. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், 19 அங்குல ஆழம் என்ற வழக்கமான பீரோ எந்த வாசலிலும் ஆழவாக்கில் நுழைந்துவிடும். எடையும் நிமிர்த்துவதும்தான் தொல்லை. துணிமணிகள் எல்லாவற்றையும் எடுத்து, தட்டுகளையும் கழற்றி, கதவைப் பூட்டி, சாவியை வீட்டார் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, பீரோவைச் சுற்றிக் கயிற்றால் இரண்டு கட்டுப் போட வேண்டும். கண்ணாடி வைத்த பீரோவென்றால் கண்ணாடியின்மேல் போர்வையைச் சுற்றி, அந்தப் பக்கம் எப்போதும் மேல்நோக்கியே இருக்கும்படி ஏந்த வேண்டும். படுக்கவைத்த பீரோவை நிமிர்த்தும்போது அதன் உயரமல்ல, மூலைவிட்டமே மேலே இடிக்கும்: 78 அங்குலமும் 19 அங்குலமும் சேர்ந்து 80 அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. பரணுக்கு அடியிலோ தாழ்ந்த உத்தரத்துக்கு அடியிலோ நிமிர்த்த முயன்று கூரையைப் பெயர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறையின் நடுவில் நிமிர்த்திவிட்டு, பிறகு அதன் இடத்துக்கு நகர்த்துவதே முறை. நகர்த்தும்போது கால்கள் தரையில் தேயும்படி இழுத்தால் கால் வளையும், சட்டம் கோணும், பிறகு பூட்டு விழாது. இடத்தில் நிறுத்திய பின் கதவு சரியாகச் சேரவில்லை என்றால், பீரோ கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. தரை சமமாக இல்லாததே பெரும்பாலும் காரணம். மடித்த அட்டையைத் தாழ்ந்த காலுக்கு அடியில் வைத்தால் பூட்டு தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கட்டிலைப் பிரிக்காமல் கொண்டுபோக முயல்வதே தவறு. எங்கள் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலை முதல்முறை பிரித்தபோது, ஒவ்வொரு காலின் துளைக்கருகிலும் அதில் சேரும் சட்டத்தின் முனையிலும் உளியால் வெட்டிய சிறு கோடுகளைக் கண்டேன்: ஒரு காலில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு. எந்தச் சட்டம் எந்தக் காலில் சேர வேண்டும் என்று அந்த ஆசாரி அன்றைக்கே எழுதிவைத்திருந்திருக்கிறார். கையால் இழைத்த பொருத்துகள் ஒன்றுக்கொன்று நூலளவு வேறுபடும் என்பதால், இரண்டாம் காலின் சட்டம் மூன்றாம் காலில் இறுகாது. உங்கள் கட்டிலிலும் அத்தகைய குறிகள் இருக்கின்றனவா என்று, அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பிரிப்பதற்கு முன்பே சாக்பீஸாலோ ஒட்டுத்தாளாலோ நீங்களே இட்டுவையுங்கள். பொருத்துகளைப் பிரிக்க இரும்புச் சுத்தியலால் நேரே அடிக்காமல், இடையே ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்ட வேண்டும்.

மெத்தையை நிறுத்தி எடுத்துச்சென்றால் வாசல் ஒரு பொருட்டில்லை. இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டலாம்; ஸ்பிரிங் மெத்தையைத் திருப்பத்தில் சற்று வளைக்கலாம், மடிக்கக் கூடாது; தென்னைநார் மெத்தையை மடித்தால் உள்ளே முறிந்து, பிறகு அந்த இடம் பள்ளமாகவே கிடக்கும். சாப்பாட்டு மேசையின் கால்கள் கழலாதென்றால், பக்கவாட்டில் சாய்த்து முதல் இரண்டு கால்களை உள்ளே விட்டு, நிலைக்காலைச் சுற்றித் திருப்பினால் மற்ற இரண்டும் வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியைக் கிடத்தக் கூடாது. வேறு வழியில்லாமல் வெகுவாகச் சாய்த்துவிட்டால், கம்ப்ரஸரிலுள்ள எண்ணெய் மீண்டும் கீழே இறங்கும்படி சில மணிநேரம் நிமிர்த்தி வைத்திருந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

படியில் ஏற்றும்போது எடையின் பெரும்பங்கு கீழே நிற்பவர்மேல்தான் இறங்குகிறது. ஆகவே வலுவானவர் கீழேயும், வழி தெரிந்தவர் மேலேயும் இருக்க வேண்டும். கீழே பிடிப்பவருக்குப் பின்னால் குழந்தைகளோ வேடிக்கை பார்ப்பவர்களோ நிற்கக் கூடாது. ஒருவர் மட்டுமே சொல்ல, மற்றவர்கள் அதன்படி செய்ய வேண்டும். ‘தூக்கு’, ‘நிறுத்து’, ‘இறக்கு’ என்ற மூன்று சொற்களை முன்பே பேசி வைத்துக்கொண்டால், நான்கு பேர் நான்கு விதமாகக் கத்தும் குழப்பம் வராது. ரப்பர் செருப்பு வழுக்கும். காலில் இறுக்கமாகப் பொருந்தும் செருப்போ ஷூவோ அணிந்திருக்க வேண்டும். கூலியையும் எந்த மாடி, எத்தனை படி, எத்தனை திருப்பம் என்பதைச் சொல்லி முன்பே பேசிவிட வேண்டும். படியில் பாரத்தோடு நிற்கும் மனிதரிடம் பேரம் பேசுவது அநியாயம். அவர்களுக்குத் தண்ணீரையும், நடுவில் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடத்தையும் ஏற்பாடு செய்துவைப்பது வீட்டாரின் பொறுப்பு.

படிக்கட்டில் வழியே இல்லை என்று உறுதியானால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றலாம். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கரை வீடுகளில் படிக்கட்டு மிகக் குறுகலும் செங்குத்துமாக இருப்பதால், முகப்பின் உச்சியில் கொக்கியுடன் ஓர் உத்தரம் வெளியே நீண்டிருக்கும். சாமான்களை ஜன்னல் வழியாக ஏற்றுவதற்காகவே அது வைக்கப்பட்டது. நம் வீடுகளில் அப்படி ஓர் உத்தரமும் இல்லை, ஜன்னல்களிலோ கம்பியும் கிராதியும் இருக்கின்றன. பால்கனிக் கிராதி மரச்சட்டத்தில் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால் கழற்றலாம். சுவருக்குள் பதித்திருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். கயிற்றைக் கைப்பிடிச் சுவரில் கட்டி எடையைத் தொங்கவிடக் கூடாது. பழைய சுவர் பெயர்ந்து விழும். மின்கம்பி அருகில் போகும் தெருவில், அது எவ்வளவு விலையுள்ள சாமானாக இருந்தாலும், இந்த வேலையைச் செய்யவே கூடாது. இதில் பழகிய ஆட்களிடம் மட்டுமே ஒப்படைத்து, கீழே ஒருவரை நிறுத்தித் தெருவில் போகிறவர்களை விலக்கிவைக்க வேண்டும்.

எதற்கும் மசியாத சாமானுக்காக நிலையை அறுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அறுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பூஜை செய்து நாள் பார்த்து வைத்த நிலை அது. அதோடு, சுற்றியுள்ள பூச்சும் செங்கலும் பெயர்ந்து அந்த வேலை சோபாவின் விலையையே எட்டிவிடும். மாறாக, சோபா தைப்பவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, அடித்துணியைப் பிரித்துச் சட்டத்தை நடுவில் இரண்டாக்கி உள்ளே கொண்டுபோய் மறுபடி சேர்த்துத் தைக்கச் சொல்லலாம். இன்னும் வாங்கவில்லையென்றால் இரண்டு துண்டாக வரும் சோபாவையும், பிரித்துப் பூட்டும் அலமாரியையும் தேர்ந்தெடுப்பது மேல். கட்டிலென்றால் மரத்தை வெட்டி இழைத்துக்கொண்டுவந்து, அந்த அறைக்குள்ளேயே கூட்டித்தரும்படி ஆசாரியிடம் சொல்லிவிடலாம். நம் ஊரில் ஆசாரிகள் வழக்கமாகச் செய்துதரும் வேலைதான் அது.

எல்லாம் உள்ளே வந்த பிறகு, கதவை மாட்டிக் கீல்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நிலையில் விழுந்த கீறல்களை அன்றைக்கே பார்த்து வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வழியை அளந்து எழுதிய அந்தத் தாளில், எதை முதலில் கழற்றினீர்கள், எந்த முனை முதலில் உள்ளே வந்தது, எங்கே நிமிர்த்தினீர்கள் என்பதையும் எழுதி, பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். என் பீரோவில் இப்போது நான்கு வீடுகளின் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. வீட்டைக் காலிசெய்யும்போது அதே வரிசையைத் தலைகீழாகப் படித்தே சாமான்களை வெளியே எடுக்கிறோம்.